ஸ்டோர் ரூமில் கிடந்த பலகை: நான் படித்த செவிலியர் கல்லூரியின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவின் தலைவர், செயலர், முதல்வர் அம்மா, உறுப்பினர்கள் அனைவருக்கும்,

நம் கல்லூரி முன்கூடத்தின் வலது சுவரில் 2016 முதல் ஒரு பலகை இருந்தது. தேக்குச் சட்டம் போட்டது. மேலே 2015-இல் ஏமன் போரில் இருந்து எங்களை மீட்ட கடற்படைக் கப்பலின் படம், கீழே அந்த மீட்பையும் கப்பலின் தளபதியையும் பற்றிப் பதினான்கு வரி தமிழ். பழைய மாணவியர் 43 பேர் சேர்ந்து பணம் போட்டு மாட்டிய பலகை அது. சென்ற மாதம் என் சித்தி மகளின் சேர்க்கைக்காக அவளை அழைத்துக்கொண்டு வந்தேன். அந்தச் சுவரில் வேறொன்று தொங்கியது. "வளைகுடா நாடுகளில் செவிலியர் வேலை. உடனடி விசா. தங்குமிடம் இலவசம்." அடியில் முகவர் ஒருவரின் கைப்பேசி எண்.

அலுவலகத்தில் விசாரித்தேன். "ஹாலுக்கு பெயின்ட் அடிச்சப்ப கழட்டுனாங்க, எங்க வச்சாங்கன்னு தெரியலம்மா" என்றார்கள். நானே தேடினேன். செய்முறைக் கூடத்தின் பின்னால் இருக்கும் ஸ்டோர் ரூமில், உடைந்த ஐ.வி. ஸ்டாண்டுகளுக்கும் கை கழன்ற பயிற்சிப் பொம்மைக்கும் நடுவில், முகம் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்திருந்தார்கள். கண்ணாடியில் குறுக்காக ஒரு விரிசல்.

அன்றே குழுவுக்கு எழுதினேன். பதில் வந்தது, நான்கு வரியில். இது பத்து ஆண்டுக்கு முந்தைய செய்தி. அதில் உள்ள அதிகாரிக்கும் நம் கல்லூரிக்கும் தொடர்பு இல்லை, அவர் பெற்றதும் போர்க்கால விருது இல்லை. சேர்க்கைக்கு வரும் பெற்றோர் படித்துவிட்டுப் பயப்படுகிறார்கள். இவை உங்கள் காரணங்கள். இதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அந்தப் பலகையில் இருக்கும் பதினான்கு வரியில் நானும் இருக்கிறேன்.

நான் 2012-இல் ஏமனுக்குப் போனேன். ஏடனில் ஒரு தனியார் மருத்துவமனை. அம்மாவின் நகையை அடகு வைத்து முகவருக்குக் கட்டினோம். போய் இறங்கிய அன்றே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எல்லாரிடமும் அப்படித்தான் வாங்குவார்கள் என்று மூத்த சிஸ்டர்கள் சொன்னதால் கேள்வி கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே அன்று எனக்குத் தெரியாது. நான்கு ஆண்டு இங்கே படித்தேன். மருந்தின் அளவை மூன்று முறை சரிபார்க்கச் சொல்லிக் கொடுத்த நம் கல்லூரி, கையெழுத்துப் போடப் போகும் ஒப்பந்தத்தை ஒரு முறையாவது படித்துப் பார் என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

2015 மார்ச்சில் ஏடனுக்குள் சண்டை நுழைந்தது. கோர்மக்சர் பக்கம் விமான நிலையத்தைச் சுற்றித் துப்பாக்கிச் சூடு. மார்ச் 26 முதல் சவூதி தலைமையிலான கூட்டுப்படையின் வான்தாக்குதல். ஜன்னல் கண்ணாடியெல்லாம் பிளாஸ்டர் ஒட்டிவிட்டு வார்டின் நடு நடையில் பாய் போட்டுப் படுத்தோம். ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கும்வரை அறுவை அரங்கு நடந்தது. அதற்குப் பிறகு கைப்பேசி வெளிச்சத்தில் தையல் போட்டிருக்கிறேன். காயம் பட்டவனைத் தூக்கி வருபவன் தோளில் துப்பாக்கியோடுதான் வருவான். அவனை வெளியே நிறுத்த எங்களில் யாருக்குத் துணிவு? கட்டிலுக்குக் கீழே அவன் துப்பாக்கியைச் சாய்த்து வைத்திருக்க, மேலே நான் நரம்பு தேடிக்கொண்டிருப்பேன்.

"முன்னாடியே வந்திருக்கலாமே" என்று ஊரில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். உங்களில் ஒருவரும் அன்று அலுவலகத்தில் கேட்டீர்கள். போர் தொடங்குவதற்கு முன்பே இந்திய அரசு நம் மக்களை வெளியேறச் சொல்லியது உண்மை. மூன்று மாதச் சம்பளம் பாக்கி இருக்கிறது, பாஸ்போர்ட் நிர்வாகத்தின் பீரோவில் இருக்கிறது, நாட்டை விட்டுப் போக அவர்கள் கையெழுத்து வேண்டும், ஊரில் நகை அடகில் இருக்கிறது. இந்த நான்கும் சேர்ந்தால் ஒருத்தி எங்கே போவாள்? ஆசைப்பட்டு அங்கேயே இருந்தோம் என்று நினைப்பவர்கள் ஒரு நாளாவது அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

விமான நிலையம் மூடிவிட்டது. சாலை வழியாகப் போக முடியாது. மிச்சம் இருந்தது கடல் ஒன்றுதான். ஏமன் தலைநகர் சனாவில் இருந்த நம் தூதரகத்துக்கு மாறி மாறிப் பேசினோம். ஒருவர் கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்தால் இன்னொருவர் பேசுவோம், பெயர்ப் பட்டியலைத் திரும்பத் திரும்பப் படிப்போம். மார்ச் 31 அன்று துறைமுகத்துக்கு வரச் சொன்னார்கள். வழியில் எத்தனை இடத்தில் நிறுத்தினார்கள் என்று எண்ணவில்லை. துப்பாக்கி வைத்திருந்தவர்களில் சிலருக்கு மீசைகூட முளைக்கவில்லை. எங்களோடு வந்த கோட்டயத்துச் சேச்சி வெள்ளைச் சீருடையைக் கழற்றவே இல்லை. "இத கண்டா சுட மாட்டாங்க மோளே" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்று இரவு ஏடன் துறைமுகத்துக்குள் ஐ.என்.எஸ். சுமித்ரா வந்தது.

அந்தக் கப்பலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பதிலில் அது 'ஏதோ ஒரு கப்பல்' ஆகிவிட்டது. 105 மீட்டர் நீளமுள்ள ரோந்துக் கப்பல் அது. கோவா கப்பல் கட்டும் தளத்தில் கட்டி, 2014 செப்டம்பர் 4 அன்று சென்னையில் கடற்படையில் சேர்த்தார்கள். சென்னைதான் அதன் தாய்த் துறைமுகம். சேர்ந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையரைத் தடுக்கும் ரோந்துப் பணியில் இருந்தபோது, பக்கத்தில் இருந்த கப்பல் என்பதால் அதை அனுப்பினார்கள். ஏவுகணையோடு போருக்குப் போகிற பெரிய கப்பல்கள் உண்டு, சுமித்ரா அந்த வகையில்லை. முன்பக்கம் ஒரு பீரங்கி, பின்பக்கம் ஹெலிகாப்டர் இறங்கும் தளம், நூற்றுச் சொச்சம் மாலுமிகள். அதன் தளபதி கமாண்டர் மிலிந்த் மோகாஷி.

கடற்படைக்காரர்கள் பிறகு எனக்கு விளக்கிய ஒன்று: ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் கப்பலுக்குப் பாதுகாப்பு, நின்றுவிட்டால் அது இலக்கு. குறுகிய துறைமுகத்துக்குள், கரையில் இரண்டு தரப்பும் சுட்டுக்கொண்டிருக்கும் இரவில், யார் கையில் எந்தத் தெரு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத நிலையில், 349 பேர் ஏறி முடிக்கும்வரை அந்தக் கப்பல் நிற்க வேண்டியிருந்தது. அந்த 349 பேரில் 101 பேர் பெண்கள், 28 பேர் குழந்தைகள். படையினரைப் போல வரிசை பிடித்து ஓடி ஏறத் தெரிந்தவர் யாரும் எங்களில் இல்லை. பெட்டியை விட மாட்டேன் என்றவர் உண்டு. கால் நடுங்கி உட்கார்ந்துவிட்டவர் உண்டு. குழந்தையை முதலில் கொடுப்பதா தான் முதலில் ஏறுவதா என்று தெரியாமல் நின்ற தாய் உண்டு. ஒவ்வொருவரும் தாமதித்த ஒவ்வொரு நிமிடமும் அந்தத் தளபதியின் கணக்கில்தான் ஏறியது. பாதியோடு கிளம்பியிருந்தால்கூட அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் நின்றார்.

எனக்கு அவரோடு பேசும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. தூரத்தில் இருந்து பார்த்தேன், அவ்வளவுதான். ஆனால் அவருடைய கப்பலின் நடத்தையைப் பார்த்தேன். அதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. கூட்டம் அடைந்த காஷுவால்டியில் பொறுப்பில் இருக்கும் டாக்டர் பதறினால் வார்டு பையன் வரைக்கும் கை நடுங்கும். அவர் நிதானமாக நின்றால் எல்லாருக்கும் கை நிதானப்படும். பதினைந்து ஆண்டுக்கு மேல் வார்டில் நின்றவள் நான், இது எனக்குத் தெரியும். அந்தக் கப்பலில் ஒருவர் கையும் நடுங்கவில்லை. என்னைக் கைபிடித்து மேலே இழுத்த மாலுமிக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். ஹிந்தியில் ஏதோ கேட்டான், எனக்கு விளங்கவில்லை. உடனே தமிழில், "பயப்படாதீங்கக்கா, ஏறிட்டீங்க" என்றான். "ஏறிட்டீங்க" என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டபிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை ஆறு நாளாக வரவில்லை.

என் தோழி ஒருத்தியிடம் பாஸ்போர்ட்டின் நகல் மட்டும்தான் இருந்தது. அசல் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்தக் காகிதத்தை விரித்துப் பார்த்துவிட்டு அவளையும் ஏற்றினார்கள். மாலுமிகள் தங்கள் படுக்கைகளைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கொடுத்துவிட்டு இரவு முழுக்க நின்றுகொண்டே இருந்தார்கள். சோறும் பருப்பும் வந்தது, டீ வந்தது. காய்ச்சலில் கிடந்த ஒரு குழந்தைக்குக் கப்பலின் மருத்துவ உதவியாளர் மருந்து கொடுத்தபோது, அளவைச் சரிபார்க்க என்னைக் கூப்பிட்டார். ஆறு நாளில் முதல் முறையாக, சுற்றிலும் விளக்கு எரிய, நான் ஒரு சிரிஞ்சைப் பார்த்து அளவு படித்தேன்.

அடுத்த நாள் எதிர்க்கரையில், ஆப்பிரிக்காவில் இருக்கும் ஜிபூத்தி. அங்கிருந்து விமானப்படையின் சி-17 விமானத்தில் கொச்சி. ஏப்ரல் 2 விடியற்காலையில் இறங்கினோம். எங்களை இறக்கிவிட்டுக் கப்பல் ஓய்வெடுக்கவில்லை. திரும்பவும் ஏமனுக்குப் போயிற்று. அல் ஹுதைதா, அஷ் ஷிஹ்ர் என்று வேறு துறைமுகங்களிலும் ஆட்களை ஏற்றியது. ஐ.என்.எஸ். மும்பையும் ஐ.என்.எஸ். தர்காஷும் வந்து சேர்ந்தன. பயணிகள் கப்பல்கள் இரண்டு போயின. சனாவில் இருந்து ஏர் இந்தியா விமானங்கள் பறந்தன. ராஹத் என்று பெயரிட்ட அந்த நடவடிக்கையில் 4,600-க்கும் மேற்பட்ட இந்தியரையும், 41 நாடுகளைச் சேர்ந்த 900-க்கும் மேற்பட்ட பிற நாட்டவரையும் மீட்டார்கள். தம் மக்களையும் அழைத்து வரும்படி அமெரிக்காவும் பிரிட்டனும்கூட இந்தியாவிடம் கேட்டன. பாகிஸ்தான் கடற்படைக் கப்பல் ஒன்று ஏமனின் முகல்லா துறைமுகத்தில் இருந்து 11 இந்தியரைத் தன் மக்களோடு சேர்த்து ஏற்றி வந்தது. இதையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று கமாண்டர் மோகாஷிக்குச் சௌர்ய சக்ரா என்ற வீர விருதை அறிவித்தார்கள். செய்தித்தாளில் படித்தபோதுதான் அவர் பெயரே எனக்குத் தெரிந்தது. அதைக் கத்தரித்து வைத்தேன். அந்தக் கத்தரிப்பில் இருந்து பிறந்ததுதான் நீங்கள் கழற்றிய பலகை.

'போர்க்கால விருது இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். பரம் வீர், மகா வீர், வீர் சக்ரா மூன்றும் எதிரியின் முன்னால் காட்டும் வீரத்துக்கு. அசோக, கீர்த்தி, சௌர்ய சக்ரா மூன்றும் எதிரியோடு மோதும் களத்துக்கு வெளியே காட்டும் வீரத்துக்கு. ஏமனில் நடந்த போரில் இந்தியா ஒரு தரப்பில்லை. அதனால் அங்கே இந்தியக் கடற்படைக்கு எதிரி என்று யாரும் இல்லை, திருப்பிச் சுட வேண்டிய கடமையும் இல்லை. ஆனால் குண்டுக்கு அந்த வேறுபாடு தெரியாது. சுட்டால் திருப்பிச் சுடலாம் என்ற நிலையில் இருப்பவனைவிட, வாங்கிக்கொண்டு நிற்க வேண்டிய நிலையில் இருப்பவனுக்குத் துணிவு குறைவாகவா வேண்டும்? பச்சை நாடாவில் மூன்று கோடு போட்ட அந்த வெண்கலப் பதக்கத்தை, போர்ப்பதக்கம் இல்லை என்ற ஒரு வரியில் கீழே இறக்கி வைத்தது எனக்கு வலித்தது. யாரையும் கொல்லாமல் 349 பேரை உயிரோடு கொண்டு வந்ததற்குக் கிடைத்த பதக்கம் அது. உயிரைக் காப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் கல்லூரியின் முன்கூடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பதக்கம் எது என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

அவருக்கும் கல்லூரிக்கும் தொடர்பு இல்லை என்கிறீர்கள். அந்தக் கப்பலில் இந்தக் கல்லூரியின் மாணவியர் மூன்று பேர் இருந்தோம். இதைவிடப் பெரிய தொடர்பு என்ன வேண்டும்? அவர் வேறு மாநிலத்தவர் என்பது உண்மை. துறைமுகத்தில் நின்ற எங்களிடம் எந்த மாநிலம் என்று யாரும் கேட்கவில்லை.

பழைய செய்தி என்ற காரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அதற்கு உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் இன்றும் கல் இருக்கிறது. கல்லை விடுங்கள், நம் பேச்சிலேயே இருக்கிறது. கண்டிப்பான அப்பாவை 'எம்டன்' என்கிறோம். கப்பலையே பார்க்காத நம் பாட்டிகளும் அந்தச் சொல்லைச் சொன்னார்கள். நம் மீது குண்டு போட்டுவிட்டுப் போன கப்பலின் பெயர் நூறு ஆண்டுக்கு மேலாகத் தமிழில் வாழ்கிறது. அதே துறைமுகத்தில் இருந்து புறப்பட்டுப் போய் நம் பெண்களை மீட்டு வந்த கப்பலின் பெயர் பத்து ஆண்டிலேயே பழசாகிவிட்டது என்றால், குறை அந்தப் பெயரிடம் இல்லை. அந்தக் கப்பல் ஓய்ந்தும் போகவில்லை. 2024 ஜனவரியில் இதே சுமித்ரா, சோமாலியக் கடற்கொள்ளையர் பிடித்து வைத்திருந்த இரண்டு ஈரானிய மீன்பிடிப் படகுகளை அடுத்தடுத்து விடுவித்தது. ஒன்றில் 17 ஈரானியர், இன்னொன்றில் 19 பாகிஸ்தானியர். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் கைப்பேசி அடித்தது. ஒருவருக்கொருவர் என்ன பேசுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம்.

இனி அந்த மூன்றாவது காரணம். பெற்றோர் பயப்படுகிறார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது இங்கேதான்.

பயப்படட்டும். அந்தப் பயம் பிள்ளையைக் காப்பாற்றும். எங்களைப் போலவே 2014-இல் ஈராக்கின் திக்ரித்தில் 46 இந்தியச் செவிலியர் சிக்கி, ஜூலையில்தான் மீண்டு வந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டே ஏமன். 2016 மார்ச்சில் அதே ஏடனில், முதியோர் இல்லத்தில் சேவை செய்த நான்கு கன்னியாஸ்திரிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் ஒருவர் இந்தியர். நான் வாங்கிச் சாப்பிட்ட ரொட்டிக் கடைத் தெருக்களைத் தாண்டித்தான் அந்த ஊர் முழுக்க அந்தச் செய்தி பரவியிருக்கும். அன்று கப்பல் ஏறி வராமல் இருந்திருந்தால் நானும் அங்கே இருந்திருப்பேன்.

எங்கள் பலகையின் கடைசி நான்கு வரியை நீங்கள் படித்தீர்களா என்று தெரியவில்லை. அதில் வீரப் புகழ்ச்சி இல்லை. பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைக்காதே, போய் இறங்கியதும் தூதரகத்தில் பதிவு செய், ஒப்பந்தத்தின் நகலை வீட்டில் ஒன்று வை, இந்த மூன்றும்தான் அங்கே எழுதியிருந்தோம். 2015-இல் அரசு விதியை மாற்றியது. ஏமன் உட்பட 18 நாடுகளுக்குச் செவிலியர் வேலைக்குப் போக வேண்டுமென்றால் குடிபெயர்வு அனுமதி வேண்டும், இ-மைகிரேட் என்ற அரசு இணையதளத்தில் பதிவு வேண்டும், ஆளெடுப்பது அரசு நிறுவனங்கள் வழியாக நடக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். நம் மாநிலத்தில் அதற்கென்றே தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அப்படி அனுமதி பெற்றுப் போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு இருக்கிறது, சில நூறு ரூபாய்க்குப் பத்து லட்சம். ஏமனுக்குப் போகவே 2017-இல் இந்திய அரசு தடை போட்டுவிட்டது. சென்ற மாதம் முன்கூடத்தில் நின்றுகொண்டிருந்த மூன்றாம் ஆண்டு மாணவியர் ஆறு பேரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். ஆறு பேருக்கும் தெரியவில்லை. அந்த முகவரின் எண் மட்டும் ஆறு பேர் கைப்பேசியிலும் இருந்தது.

அந்த முகவர் மோசமானவர் என்று நான் சொல்லவில்லை. அவரை எனக்குத் தெரியாது. எங்கள் முகவரும் மோசமானவராகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காபி வாங்கிக் குடித்தார். ஏடனில் குண்டு விழுந்தபோது அவர் எண் அணைந்திருந்தது. எங்கள் பக்கம் வந்தது ஒரு கப்பல். கப்பலைக் கழற்றிவிட்டு முகவரை மாட்டியிருக்கிறீர்கள். நீங்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்தீர்கள் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் அந்தச் சுவரைப் பார்க்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு அதுதான் கல்லூரி சொல்லும் பாடமாகப் போய்ச் சேரும். என் சித்தி மகள் அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, தங்குமிடம் இலவசமாம்" என்றாள். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. 2012-இல் நானும் அதே வரியைப் படித்து அதே குரலில்தான் அம்மாவிடம் சொன்னேன்.

வெளிநாடு போகாதே என்று யாரையும் தடுக்க நான் எழுதவில்லை. நான் போன பணத்தில்தான் தம்பி படித்தான், வீட்டுக்கு மேல்தளம் வந்தது. இன்னும் ஆயிரம் பிள்ளைகள் போவார்கள், போகட்டும். தெரிந்துகொண்டு போகட்டும். ஏதாவது ஆனால் தேடி வரும் அரசு ஒன்று உண்டு, அதன் பெயரில் உயிரைப் பணயம் வைக்கும் மனிதர்கள் உண்டு, அவர்கள் தேடி வரும்போது உன் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும் என்பதும் தெரிந்து போகட்டும். அன்று இரவு துறைமுகத்துக்கு வர முடியாமல் போனவர்களும் இருந்தார்கள். எங்கள் மருத்துவமனையிலேயே இரண்டு பேர். தூதரகத்தில் அவர்கள் பதிவே செய்யவில்லை, செய்தி அவர்களுக்குப் போகவே இல்லை. பிறகு வேறு வழியாக வந்து சேர்ந்தார்கள் என்பது அவர்கள் அதிர்ஷ்டம்.

ஆகவே குழுவிடம் நான் கேட்பவை.

அந்தப் பலகையை இருந்த இடத்திலேயே திரும்ப மாட்டுங்கள். விரிசல் விழுந்த கண்ணாடியை மாற்றும் செலவைப் பழைய மாணவியர் நாங்கள் ஏற்கிறோம். நூலகத்தின் மூலையிலோ மாடிப்படியின் திருப்பத்திலோ இடம் தருவதாகச் செயலர் அவர்கள் தொலைபேசியில் சொன்னார்கள். அதை ஏற்க எங்களுக்கு மனமில்லை. பெற்றோர் கண்ணிலும் பிள்ளைகள் கண்ணிலும் படும் முன்கூடச் சுவர்தான் வேண்டும். அதில் ஒரு திருத்தமும் செய்ய விரும்புகிறோம். அப்போது எழுதியபோது தளபதியின் பெயரை மட்டும் போட்டோம், கப்பலில் இருந்த மாலுமிகளைப் பற்றி ஒரு வரி போடவில்லை. அது எங்கள் தவறு. அந்த வரியைச் சேர்த்து எழுதித் தருகிறோம்.

முகவரின் விளம்பரத்தை இந்த வாரமே எடுங்கள். கல்லூரி வளாகத்துக்குள் எந்தத் தனியார் முகவரின் விளம்பரமும் இனி வைப்பதில்லை என்று குழு தீர்மானம் போட்டு, அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அந்த விளம்பரத்துக்குக் கல்லூரி பணம் வாங்கியிருந்தால், எவ்வளவு, யாருடைய ஒப்புதலோடு என்பதையும் சொல்லுங்கள்.

இறுதியாண்டு மாணவியருக்கு ஆண்டுதோறும் மார்ச் 31 அன்று அரை நாள் ஒதுக்குங்கள். குடிபெயர்வு அனுமதி, ஒப்பந்தம், காப்பீடு, தூதரகப் பதிவு இவற்றை அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அலுவலர் ஒருவரை அழைத்துச் சொல்லவையுங்கள். மிச்ச நேரத்தில் நாங்கள் மூவரும் வந்து பேசுகிறோம். பயணச் செலவோ சால்வையோ வேண்டாம். ஒருத்தி இப்போது திருச்சியில் இருக்கிறாள், ஒருத்தி மஸ்கட்டில், அவள் காணொளியில் வருவாள்.

கடற்படைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சென்னையில் கப்பல் இருக்கும் நாளில் மாணவியரை அழைத்துச் சென்று காட்ட அனுமதி கேளுங்கள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கடிதம் கல்லூரியின் பெயரில் போக வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள், ஏனென்றால் இதுவரை இந்தக் கல்லூரி அந்தக் கப்பலுக்கு நன்றி என்று ஒரு வரி எழுதியதில்லை.

இந்த மடலுக்கான பதிலைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குப் பிறகு எழுத்தில் எதிர்பார்க்கிறோம். பலகையை எடுத்துப் போய் வைக்க வேறு இடம் தேட வேண்டாம். அதுவரை ஸ்டோர் ரூமிலேயே இருக்கட்டும், ஆனால் முகம் சுவரைப் பார்க்க வேண்டாம். திருப்பி வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி,
2015 மார்ச் 31 இரவு ஏடனில் சுமித்ராவில் ஏறிய 349 பேரில் ஒருத்தி